அறுபத்து மூன்று கிலோ

ஜெரூஷா நூற்றுப் பத்து கிலோவைத் தரையிலிருந்து தூக்கி நிமிர்ந்து நின்ற காலையில், ஜிம்மில் இருந்தவர்களிலேயே அதிக நேரம் கைதட்டியது அவள் கணவன் பிரசன்னாதான். மற்றவர்கள் நிறுத்திவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கப் போன பிறகும் அவன் தட்டிக்கொண்டிருந்தான். நிறுத்தினால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று அவனுக்குத் தெரியவில்லை.

அந்த நூற்றுப் பத்துதான் அவனால் தூக்க முடிந்த அதிகபட்ச எடை. ஒரு வருடத்துக்கு மேலாக அவன் அங்கேயே நின்றுபோயிருந்தான். அதற்கு மேல் ஒரு சின்ன பிளேட் கூடினாலும் கம்பி தரையை விட்டு எழாது. ஜெரூஷா ஜிம்முக்குள் காலடி வைத்ததே போன கிறிஸ்துமஸுக்குப் பிறகுதான். "சும்மா வீட்ல உக்காந்துட்டு இருக்கறதுக்கு வந்து டிரெட்மில்லயாவது நட" என்று சொல்லி அவளை இழுத்துக்கொண்டு வந்ததும் அவன்தான்.

"மச்சான், அடுத்து சிஸ்டர் உன்னையே தூக்கிடுவாங்க போல கீதே" என்றான் டேனியல். அவனோடு ஒரே கம்பெனி பஸ்ஸில் போகிறவன். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பிரசன்னாவும் சிரித்தான்.

சுந்தர்சிங் மாஸ்டர் சிரிக்கவில்லை. ஐம்பது வயதுக்காரர், கேம்ப் ரோட்டில் பாத்திரக் கடைக்கு மேலே அந்த ஜிம்மை நடத்துகிறவர். குனிந்து இரண்டு பக்கத்து பிளேட்டுகளையும் தொட்டுக் கூட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இன்னாம்மா துன்னுட்டு வந்தே?"

"ரெண்டு கற்பூரவள்ளிப் பழம் மாஸ்டர். ஒரு டீ."

"அவ்ளோதானா?"

"நேத்து சாயந்தரம் சங்கரா மீன் குழம்பு வச்சேன். அது மட்டும் கொஞ்சம் ஜாஸ்தியாவே சாப்ட்டுட்டேன்."

இந்த முறை மாஸ்டரும் சிரித்துவிட்டார்.

வீடு ராஜகீழ்ப்பாக்கத்தில், இரண்டாவது மாடி. ஐந்து மணிக்கு முன்பே எழுந்து இருவரும் ஒரே வண்டியில் ஜிம்முக்குப் போவார்கள். திரும்பி வந்து குளித்துச் சாப்பிட்டுவிட்டு பிரசன்னா ஜங்ஷனுக்கு நடப்பான். சிறுசேரிக்குப் போகும் கம்பெனி பஸ் அங்கே வரும். ஜெரூஷா தாம்பரம் ஸ்டேஷனுக்குப் போய், ரயில் பிடித்து, பொத்தேரியில் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்துக்குப் போவாள். கல்யாணமாகி நான்கு வருடமாகிறது. இந்தக் காலை நேரம்தான் இருவரும் சேர்ந்திருக்கிற நேரம்.

பிரசன்னாவின் சாப்பாட்டுக்கு ஒரு தராசு இருந்தது. உள்ளங்கை அகலத்தில், பேட்டரி போட்டது. ராத்திரியே ஊறவைத்த ஓட்ஸ், முளைகட்டிய பச்சைப்பயறு, அவித்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மஞ்சள்கரு எடுத்த முட்டை எல்லாமே அதில் ஏறி இறங்கித்தான் தட்டுக்கு வரும். அவன் அதை உற்சாகமாகத்தான் ஆரம்பித்தான். இப்போது மாத்திரை விழுங்குவதுபோல் விழுங்கிக்கொண்டிருந்தான்.

ஜெரூஷா அடுப்பு மேடையில் சாய்ந்து நின்றுகொண்டே சாப்பிடுவாள். முதல் நாள் சோற்றில் தயிர் ஊற்றிப் பிசைந்து, மீந்த குழம்பைத் தொட்டுக்கொண்டு, கூடவே இரண்டு முழு முட்டை. இல்லையென்றால் தோசை. ஒன்று முடிவதற்குள் அடுத்தது கல்லில் இருக்கும். சாப்பிடும்போது பேச மாட்டாள். கடைசி வாய் முடிந்ததும் விரலைச் சப்பிவிட்டு "அப்பாடா" என்பாள். அந்த "அப்பாடா"வைக் கேட்டால் பிரசன்னா தன் தட்டைக் குனிந்து பார்ப்பான். அவள் தூக்குகிற எடையைவிட, அவளுக்கு எடுக்கிற அந்தப் பசிதான் அவனை அதிகம் உறுத்தியது என்றுகூடச் சொல்லலாம். அவனுக்கு அப்படிப் பசித்து வெகுநாள் ஆகியிருந்தது.

அவன் சாப்பாட்டில் குறை ஒன்றும் இல்லை. மாஸ்டரிடம் ஒருநாள் எல்லாவற்றையும் ஒப்பித்துக் கேட்டே பார்த்துவிட்டான். "நல்லாத்தான் துன்றே தம்பி. தூக்கமும் சரியாத்தான் கீது. உடம்பு வாகுன்னு ஒண்ணு கீதுல்ல? சில பேருக்கு மெதுவாத்தான் வரும்" என்றார் அவர். தப்பு ஏதாவது செய்கிறாய் என்று சொல்லியிருந்தால்கூட அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். திருத்திக்கொள்ள ஒன்றுமே இல்லை என்று கேட்பது கொடுமையாக இருந்தது.

அடுத்த வாரம் மாஸ்டர் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார். செப்டம்பரில் மாவட்ட அளவில் ஒரு போட்டி. தரையிலிருந்து கம்பியைத் தூக்குவது மட்டும்தான். உடல் எடைப்படி பிரிவுகள்.

"ஜெரூஷா போவட்டும். இப்ப அறுபத்தாறு கிலோ கீது, அறுபத்தொன்பது பிரிவுல நிக்கலாம். ஒண்ணும் பண்ணத் தேவையில்ல. இப்ப துன்ற மாரியே துன்னுட்டு, தூக்கற மாரியே தூக்கினா போதும்."

"நானா மாஸ்டர்?" என்று கேட்டுவிட்டு ஜெரூஷா பிரசன்னாவைப் பார்த்தாள். அவள் கண்களில் தெரிந்த ஆசையைப் பார்த்ததும் அவன், "சூப்பர்! கண்டிப்பா போகணும்" என்றான். மாஸ்டர் அவனைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வார் என்று இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். மாஸ்டர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அன்று மாலை, ஜெரூஷா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தபோது பிரசன்னா பேச்சை ஆரம்பித்தான்.

"ஜெரூ, நான் ஒண்ணு யோசிச்சேன். நீ அறுபத்தொன்பதுல நிக்காத. அறுபத்து மூணுல நில்லு."

"நான்தான் அறுபத்தாறு ஆச்சே?"

"மூணு கிலோதானே, குறைச்சிடலாம். அறுபத்தொன்பதுல வர்றவங்க எல்லாம் உன்னவிடப் பெரிய ஆளுங்க. கீழ்ப் பிரிவுல போனா மெடல் நிச்சயம்."

"மாஸ்டர் ஒண்ணும் பண்ணத் தேவையில்லன்னாரே?"

"மாஸ்டர் பழைய ஆளு. இப்ப எல்லாரும் இப்படித்தான் பண்றாங்க. அவர்கிட்ட இப்ப சொல்லாத, வேணாம்னுவாரு. எடை குறைஞ்சதும் சொல்லிக்கலாம்."

ஜெரூஷா கத்தியைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள். சாப்பாட்டு விஷயத்தில் அந்த வீட்டில் அவன்தான் வாத்தியார். இரண்டு வருடமாக வீடியோ பார்ப்பதும் படிப்பதும் அளப்பதும் அவன். அவளுக்குத் தெரிந்ததெல்லாம் பசித்தால் சாப்பிடுவது.

"சரிங்க. என்ன பண்ணணும்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் சொன்னான். காலையில் ஜிம்முக்கு முன்னால் வெந்நீர் மட்டும். வந்த பிறகு இரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. மதியம் வெள்ளரிக்காயும் ஒரு சப்பாத்தியும். மாலையில் வேகவைத்த காய். சோறு, பழம், குழம்பு, தேங்காய் எதுவும் கூடாது.

முதல்முறையாகப் போட்டிக்குப் போகிறவர்கள் உடல் எடையைக் குறைக்கவே கூடாது என்பது பிரசன்னாவுக்குத் தெரியும். வெறும் வயிற்றில் பெரிய எடையைத் தொட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். டேனியல் ஒருமுறை இதே மாதிரி ஏதோ செய்யக் கிளம்பியபோது, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து மேடவாக்கம் வரைக்கும் அவனே அதை விளக்கித் தடுத்திருக்கிறான். அதனால் தெரியாமல் சொல்லிவிட்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் மனைவியைக் கெடுக்கிறோம் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் இல்லை. ஒரு மெடல் வாங்கிக் கொடுக்கப் பார்க்கிறோம் என்றே சொல்லிக்கொண்டான். சொல்லச் சொல்ல அதில் பாதி அவனுக்கே நம்பிக்கையாகவும் ஆகிவிட்டது.

முதல் வாரம் ஜெரூஷா பிடிவாதமாக இருந்தாள். இரண்டாவது வாரத்தில் முகம் ஒடுங்கியது. காலையில் எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தொண்ணூறு கிலோவுக்கே கம்பி தள்ளாடியது.

"இன்னாம்மா, உடம்பு சரியில்லையா?" என்றார் மாஸ்டர்.

"வேலை ஜாஸ்தி மாஸ்டர்" என்றாள். மாஸ்டர் சந்தேகமாகப் பார்த்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று பிரசன்னாவிடமும் கேட்டார். "அதெல்லாம் ஒண்ணும் இல்ல மாஸ்டர்" என்றான் அவன்.

அந்த வாரத்தில்தான் பிரசன்னாவுக்கு அது நடந்தது. நூற்றுப் பத்தின் மேல் இரண்டு பக்கமும் சின்ன பிளேட்டுகளை மாட்டிக்கொண்டு குனிந்தான். கம்பி எழுந்தது. முழங்காலைத் தாண்டியது. அவன் நிமிர்ந்து நின்றான். டேனியல் ஊளையிட்டான். ஜெரூஷா பெஞ்சிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். வெடித்துப்போன உதடுகளோடு அவள் சிரித்த சிரிப்பில் ஒரு துளி கசப்பு இல்லை. "ஏங்க! நூத்திப் பதினஞ்சு!" என்று அவன் தோளைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கையில் பலமே இல்லை என்பதை அவன் தோள் உணர்ந்தது. உணர்ந்தும் அவன் அன்று நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தான். பஸ்ஸில் பாட்டு கேட்டான். ஆபீசில் இரண்டு பேரிடம் சொன்னான். மதியம் நன்றாகப் பசித்தது.

அவனுக்கான முட்டையை அவள்தான் அவித்துத் தருவாள். தட்டை மேசையில் வைத்துவிட்டு பால்கனிக்குப் போய் நின்றுகொள்வாள். ஒருநாள், "ஏன் அங்க போய் நிக்கற?" என்று கேட்டான்.

"வாசனை தாங்க முடியலங்க. நீங்க சாப்பிடுங்க, நான் இங்கயே இருக்கேன்."

அப்போது அவன் சொல்லியிருக்கலாம். போதும், வந்து சாப்பிடு என்று ஒரு வார்த்தை. வாய்வரைக்கும் வந்தது. இன்னும் பத்து நாள்தானே என்று நினைத்துக்கொண்டு முட்டையைத் தின்றான்.

மறுநாள் காலை, பஸ் மேடவாக்கத்தை நெருங்கும்போது ஜெரூஷாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது வேறு ஒரு பெண்.

"சார், இந்த போன் வச்சிருக்கறவங்க தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டுல மயக்கம் போட்டு விழுந்துட்டாங்க. நெத்தியில ரத்தம் வருது. பக்கத்துல ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போறோம். நீங்க சீக்கிரம் வாங்க."

பஸ்ஸை நிறுத்தச் சொல்லி இறங்கினான். டேனியலும் கூடவே இறங்கிவிட்டான். ஆட்டோவில் போகும் வழியெல்லாம் "ஒண்ணும் ஆவாது மச்சான், ஒண்ணும் ஆவாது" என்று டேனியல் சொல்லிக்கொண்டே வந்தான். மாஸ்டருக்கும் அவனே போன் போட்டான்.

ஜெரூஷாவுக்குப் புருவத்துக்கு மேலே தையல் போட்டிருந்தார்கள். விழும்போது ஊன்றிய வலது மணிக்கட்டு வீங்கியிருந்தது. எலும்பு முறியவில்லை, ஆனால் ஒரு மாதத்துக்கு எதையும் தூக்கக் கூடாது. இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா பிரசன்னாவைப் பார்த்து, "இவங்க சாப்பிட்டே பல நாள் ஆன மாதிரி இருக்கே. வீட்ல என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மாஸ்டர் பனியனோடு அப்படியே ஓடிவந்திருந்தார். அறுபத்து மூன்றுக்கு இறங்கத்தான் சாப்பிடவில்லை என்று ஜெரூஷா சொன்னதும் அவர் முகம் சிவந்துவிட்டது.

"அறுபத்து மூணா? யாரும்மா சொன்னது உனக்கு? எந்த முட்டாப்பய சொன்னான்?"

ஜெரூஷா வாயைத் திறந்தாள். அதற்குள் டேனியல் குறுக்கே பேசிவிட்டான். அவனுக்கு எந்தக் கெட்ட எண்ணமும் இல்லை.

"ஏன் சிஸ்டர், மச்சான்தான் இதுல எக்ஸ்பர்ட் ஆச்சே! அன்னிக்கு நான் எடை குறைக்கறேன்னதுக்கு, பட்டினி கெடந்தா தூக்கறப்ப மயங்கி விழுவேன்னு எனக்கு பஸ்ல ஃபுல் கிளாஸ் எடுத்தான். உங்களுக்குச் சொல்லலையா?"

ஜெரூஷா பிரசன்னாவைப் பார்த்தாள். அவன் குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தான். அதில் சொட்டுகள் ஒவ்வொன்றாக விழுந்துகொண்டிருந்தன. அவள் பார்வை தன்மேலிருந்து நகரவில்லை என்பது பார்க்காமலே அவனுக்குத் தெரிந்தது.

"நானேதான் மாஸ்டர். எங்கயோ யூடியூப்ல பாத்தேன். இவர்கிட்ட கேக்கல" என்றாள் கடைசியில்.

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டார்.

மத்தியானம் ஆட்டோவில் வீட்டுக்கு வந்தார்கள். பிரசன்னா அவளைக் கட்டிலில் உட்கார வைத்து முதுகுக்குத் தலையணை வைத்தான். அவள் அதை எடுத்துப் பக்கத்தில் போட்டாள்.

"டேனியல் சொன்னது நிஜமா?"

"ம்."

"தெரிஞ்சேதான் எனக்கு அப்படிச் சொன்னீங்களா?"

எத்தனையோ பதில்களை அவன் ஆட்டோவிலேயே தயார் செய்து வைத்திருந்தான். மெடல் கிடைக்கும் என்று நினைத்தேன், உனக்கு இவ்வளவு கஷ்டமாகும் என்று தெரியாது, உன் நல்லதுக்குத்தான். கட்டுப் போட்ட அந்த நெற்றியைப் பார்த்ததும் அவற்றையெல்லாம் விட்டுவிட்டான்.

"தெரியும்" என்றான். "என்னால தாங்க முடியல ஜெரூ. நீ என் வெயிட்டத் தூக்கின அன்னிலேர்ந்து தாங்க முடியல."

அவள் அழுவாள் அல்லது கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீங்க நூத்திப் பதினஞ்சு தூக்கினீங்களே, அன்னிக்கு எனக்கு எவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா?" என்றாள். பிறகு எழுந்தாள். "எனக்குப் பசிக்குது."

"நீ இரு, நான் தோசை ஊத்தறேன்."

"வேணாம். என் சாப்பாட்டுல இனிமே நீங்க கை வைக்காதீங்க."

இடது கையால் மாவை ஊற்றினாள். முதல் தோசை கோணலாக வந்து பிய்ந்தது. அதையே தட்டில் போட்டு, மேடையில் சாய்ந்து நின்று சாப்பிட்டாள். அடுத்ததை ஊற்றினாள். சமையலறை வாசலில் அவன் நிற்பது அவளுக்குத் தெரியும். ஒருமுறைகூட, நீங்க சாப்ட்டீங்களா என்று கேட்கவில்லை. நான்கு வருடத்தில் அவள் அதைக் கேட்காத முதல் நாள் அதுதான்.

செப்டம்பர் போட்டி அவள் இல்லாமல் நடந்து முடிந்தது. அதற்குப் போன அறுபத்தொன்பது கிலோப் பிரிவுக்காரிகளில் முதலாவதாக வந்தவள் தூக்கியது நூற்றுப் பன்னிரண்டுதான் என்று டேனியல் வந்து சொன்னான். ஜெரூஷா "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடுகிற சத்தம் கேட்டது.

மறுநாள் பிரசன்னா ஜிம்முக்குத் தனியாகப் போனான். எல்லோரும் போகும்வரை காத்திருந்து மாஸ்டரிடம் உள்ளதைச் சொன்னான். சொல்லி முடித்ததும் அவர் திட்டுவார், ஏதாவது புத்தி சொல்வார் என்று நின்றான். அவர் கையிலிருந்த துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"வூட்ல தெரியுமா?"

"அவளுக்குத் தெரியும் மாஸ்டர்."

"தெரிஞ்சுமா அன்னிக்கு என்னாண்ட அப்டி சொல்லிச்சு?" அவர் தலையை ஆட்டினார். "கை சரியானதும் அந்தப் பொண்ணு காலைல வரட்டும். நீ இனிமே சாயந்தரமா வா. ரெண்டு பேரையும் ஒண்ணா வச்சுப் பாக்க என்னால ஆவாது."

அக்டோபர் பாதியில் ஜெரூஷா மறுபடி ஜிம்முக்குப் போகத் தொடங்கினாள். வண்டியை அவளே ஓட்டிக்கொண்டு போனாள். பிரசன்னாவுக்கும் பழக்கத்தில் அதே நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும். கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு வீட்டில் அவனுக்கு ஒரு வேலையும் இருக்காது. இப்போது கம்பி முன்னால் நிற்பாள், இப்போது பிடி வழுக்காமல் இருக்கக் கையில் சாக்பீஸ் மாவு தடவிக்கொள்வாள் என்று நினைத்துக்கொண்டு படுத்திருப்பான். பஸ்ஸில் ஏறியதும் டேனியல், "சிஸ்டர் இன்னிக்கு நூத்தி அஞ்சு மச்சான்" என்பான். அன்று மாலை ஜிம்மில் அவன் கம்பி தொண்ணூறிலேயே கனக்கும். பொறாமை போய்விடவில்லை. அவ்வளவு நடந்த பிறகும் அது வெட்கமில்லாமல் அங்கேயேதான் இருந்தது.

சும்மா படுத்திருக்க முடியாமல் ஒருநாள் எழுந்து சமையலறைக்குப் போனான். இரண்டு முட்டையை அவித்தான். சுண்டல் தாளித்தான். அவள் வருவதற்குள் தட்டில் வைத்து மூடினான். வந்தவள் மூடியைத் திறந்து பார்த்தாள். மறுபடி மூடிவிட்டு, தன் சோற்றை எடுத்துப் பிசைந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். பிரசன்னா ஆறிப்போன சுண்டலைத் தான் தின்றுவிட்டு பஸ்ஸுக்கு ஓடினான். மறுநாளும் செய்தான். அதற்கு மறுநாளும். அவள் தொடவே இல்லை. கட்டாயப்படுத்த அவனுக்கு வாய் இல்லை. ஓட்ஸை நிறுத்திவிட்டான். அவளுக்குச் செய்ததைத் தின்றே அவன் வயிறு நிறைந்துகொண்டிருந்தது.

மழைக்காலம் வந்தது. ஒருநாள் செம்பாக்கம் வரைக்கும் ரோடெல்லாம் தண்ணீர். ஜெரூஷா முழங்கால்வரை நனைந்து, வண்டியைத் தள்ளிக்கொண்டு தாமதமாக வந்து சேர்ந்தாள். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. சோறு வடிக்க நேரமில்லை. ஈரத் துணியோடு நின்றபடி மூடியைத் திறந்து, அவன் செய்திருந்த ரவா உப்புமாவை அள்ளி வாயில் போட்டாள்.

"உப்பே இல்ல" என்றாள்.

பிரசன்னா உப்பு டப்பாவை எடுத்துக்கொண்டு ஓடினான். அவளே தூவிக்கொண்டாள். தட்டைக் காலி செய்துவிட்டு, முட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினாள். மறுநாளிலிருந்து அவன் வைத்ததைச் சாப்பிட்டாள். சில நாள், "நாளைக்குப் புளிசாதம் வைங்க" என்றாள். அதற்கு மேல் பேச்சு அதிகம் இல்லை. சாப்பிட்டு முடித்ததும் முன்பு வருகிற அந்த "அப்பாடா"வும் இல்லை.

ஜனவரியில் அடுத்த போட்டி வந்தது. முடிச்சூர் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் நாள் கல்யாணத்தின் வாழைமரங்கள் வாசலில் இன்னும் கட்டியபடி இருந்தன. மணமேடையில் மரப்பலகை அடித்து, அதன் மேல் கம்பியை வைத்திருந்தார்கள். ஜெரூஷா அவனைக் கூப்பிடவில்லை. "வரட்டுமா?" என்று அவன் கேட்டதற்கு, "வந்தா வாங்க" என்றாள். காலையில் இட்லியும் வாழைப்பழமும் வேகவைத்த கிழங்கும் கட்டி எடுத்துக்கொண்டு போனான். எடை பார்த்ததில் அறுபத்தேழு. முடிந்ததும் அவள் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சாப்பிட்டாள்.

முதல் முறை நூற்றுப் பத்து. சுலபமாக எழுந்தது. இரண்டாவது முறை நூற்றுப் பதினெட்டு. கம்பி முழங்கால் பக்கம் ஒரு நொடி தயங்கியது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. பிறகு நிமிர்ந்தாள். தூக்கியது செல்லும் என்று நடுவர்களின் வெள்ளை விளக்குகள் எரிந்தன. மண்டபமே எழுந்து கத்தியது. மாஸ்டர் ஒரு நாற்காலியின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்தினார்.

பிரசன்னா உட்கார்ந்தபடியே இருந்தான். கண்ணில் தண்ணீர் கட்டியது. "இன்னா மச்சான், ஆனந்தக் கண்ணீரா?" என்று டேனியல் அவன் முதுகில் தட்டினான். ஆமாம் என்று தலையாட்டினான். அதில் சந்தோஷமும் இருந்தது, இல்லையென்று சொல்ல முடியாது. கூடவே மற்றதும் எப்போதும்போல் எரிந்தது.

மூன்றாவது முறை நூற்றிருபத்திரண்டு அவளுக்கு எழவில்லை. கூடுவாஞ்சேரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த சினேகா என்ற போலீஸ்காரப் பெண் அதைத் தூக்கி முதலிடம் வாங்கினாள். ஜெரூஷாவுக்கு இரண்டாமிடம். மேடையை விட்டு இறங்கியதும் ஜெரூஷா நேராக அந்தப் பெண்ணிடம் போனாள்.

"தினமும் காலைல என்ன சாப்ட்டுட்டு பிராக்டிஸ் பண்ணுவீங்க?"

சினேகா சிரித்தாள். "எங்கக்கா நேரம்? நைட் டியூட்டி முடிச்சுட்டு வர்றப்ப ஸ்டேஷனாண்ட ஒரு தள்ளுவண்டிக் கடை கீது. எட்டு இட்லி, ரெண்டு ஆம்லெட். அப்டியே ஜிம்முக்குப் போயிடுவேன்."

"எட்டா!" என்றாள் ஜெரூஷா.

திரும்பும் வழியில் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு ஹோட்டலில் நிறுத்தச் சொன்னாள். நெய் ரோஸ்ட்டும் வடையும் சொன்னாள். மெடலைக் கழற்றிக் கைப்பையில் போட்டுக்கொண்டு, மேசையில் ஈரம் காயாத இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு வயிறு எரியுதுங்க" என்றாள்.

"ஐயோ, காலைல சாப்ட்டது ஒத்துக்கலையா? கிழங்கு சரியா வேகலையோ?"

"சாப்பாடு இல்ல. அந்தப் பொண்ணப் பாத்து. நைட் டியூட்டி பாத்துட்டு வந்து எப்படித்தான் தூக்கறாளோ. அவ முகத்தப் பாத்தாலே எனக்குப் பத்திக்கினு வருது."

அவள் அப்படிப் பேசி அவன் கேட்டதில்லை. சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்து முடியாமல் சிரித்துவிட்டான். அவளும் சிரித்தாள், பல மாதத்துக்குப் பிறகு அவனைப் பார்த்து. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"நான் தூக்கறப்ப உங்களுக்கு?"

பொய் சொல்ல இடம் இருந்தது. அவள் முகமும் கொஞ்சம் இளகியிருந்தது.

"எரிஞ்சுது" என்றான்.

"இன்னிக்குமா?"

"இன்னிக்கும்."

தோசை வந்தது. அவள் ஒரு ஓரத்தைப் பிய்த்துச் சட்னியில் தோய்த்தாள். வாயில் வைக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"நான் அவகிட்ட போய் என்ன சாப்பிடறீங்கன்னு கேட்டேன். அவ சாப்பாட்டப் பிடுங்கணும்னு எனக்குத் தோணலங்க."

"தெரியும்."

அவள் சாப்பிட்டாள். பாதித் தோசை முடிந்ததும், "திங்கட்கிழமைலேர்ந்து நீங்களும் காலைலயே வாங்க. மாஸ்டர்கிட்ட நான் பேசிக்கறேன்" என்றாள்.

போகலாம் என்றுதான் அவனுக்கும் ஆசையாக இருந்தது. ஒரே வண்டியில், இருட்டு பிரிவதற்கு முன்னால், அவளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு. அதை நினைத்துக்கொண்டே தலையை ஆட்டி மறுத்தான்.

"இப்ப வேணாம் ஜெரூ. நீ தூக்கறத தினமும் பக்கத்துல நின்னு பாக்கற தெம்பு எனக்கு இன்னும் வரல. வந்தா நானே சொல்றேன்."

ஜெரூஷா சரி என்பதுபோல் தலையசைத்தாள். பிறகு சர்வரைக் கூப்பிட்டு, "அண்ணா, இன்னொரு ரோஸ்ட்" என்றாள். "இவருக்கும் ஒண்ணு."